செப்புத் தகட்டில் நகரங்களைக் காத்த மெரியான்

ஒரு நாட்டின் பெருமையை அந்நாட்டின் நகரங்கள் எடுத்துச் சொல்லும். கோபுரங்களும் மதில்களும் பாலங்களும் கடைவீதிகளும் அங்கு வாழ்ந்த மக்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் சான்றாக நிற்கும். ஆனால் அந்த நகரங்களே தீக்கிரையாகிவிட்டால், அவற்றின் பெருமையை யார் எடுத்துச் சொல்வார்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் உழைப்பினால் விடை கூறிச் சென்ற ஓர் ஓவியரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் மத்தேயு மெரியான். ஐரோப்பாவில் முப்பது ஆண்டுகள் போர் நடந்தபோது, அழிந்துகொண்டிருந்த நகரங்களைச் செப்புத் தகட்டில் வரைந்து, வருங்காலத் தலைமுறைகளுக்குக் கொடுத்துச் சென்ற பெருமகனார் அவர்.

பிறப்பும் இளமையும்

ரைன் நதி வளைந்து திரும்பும் இடத்தில் பாசல் என்னும் அழகிய நகரம் அமைந்துள்ளது. இன்று அது சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்தது. ஜெர்மன் மொழி பேசும் அந்நகரம் 1501-ஆம் ஆண்டிலேயே சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. எனினும் மொழியாலும் வாணிபத்தாலும் புத்தகத் தொழிலாலும் அது ஜெர்மானிய நாடுகளுடன் நெருங்கிய உறவு கொண்டிருந்தது. அந்நகரில் 1593-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மெரியான் பிறந்தார். அவருடைய தந்தை வால்டர் மெரியான் மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர். நகர மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். ஆகவே வறுமை அறியாத இல்லத்திலேயே நம் ஓவியர் வளர்ந்தார்.

தந்தையின் ஆலையை ஏற்று நடத்தியிருந்தால் அவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் சித்திரத்தில் சென்றது. பதினாறு வயதளவில் அவர் சூரிக் நகருக்குச் சென்று, டீட்ரிக் மேயர் என்னும் கலைஞரிடம் செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். பத்தாம் வகுப்பில் பயிலும் நம்மைவிட அவருக்கு அப்போது ஒரு வயதே கூடுதல்! அந்த இளம் வயதில் வீட்டைப் பிரிந்து, வேறொரு நகரில் ஆசிரியரின் பட்டறையில் தங்கித் தொழில் கற்பது எளிதான காரியமன்று.

செப்புத் தகடும் அமிலமும்

மெரியானின் பெருமையை அறிய வேண்டுமானால் அவர் கற்ற தொழிலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் புகைப்படக் கருவி இல்லை. ஒரு படத்தைப் பலர் காண வேண்டுமென்றால் அதை அச்சிட வேண்டும். அதற்குச் செப்புத் தகடு பயன்பட்டது.

முதலில் தகட்டைக் கண்ணாடி போல் தேய்த்து மெருகூட்டுவார்கள். அதன்மேல் மெழுகும் குங்கிலியமும் கலந்த ஒரு பூச்சைப் பூசி, அது கருப்பாகும்படி புகை காட்டுவார்கள். பின்னர் கூரிய ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் வரைவார்கள். ஊசி சென்ற இடமெல்லாம் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டில் அமிலத்தை ஊற்றினால், பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது. கீறிய இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். அதன்பிறகு பூச்சை நீக்கிவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவார்கள். பள்ளத்தில் உள்ள மை தாளில் ஏறிவிடும்.

இதில் ஒரு பெரும் சிரமம் உண்டு. தகட்டில் உள்ள படம் தாளில் இடவலமாக மாறி விழும். ஆகவே ஓவியர் எல்லாவற்றையும் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வரைய வேண்டும். ஊர்ப் பெயர்களைக்கூடப் பின்னிருந்து எழுத வேண்டும். நாம் நம் பெயரை ஒரு முறை அவ்வாறு எழுதிப் பார்த்தாலே அதன் அருமை விளங்கும். ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளையும் சன்னல்களையும் இவ்வாறு வரைவதற்கு எத்தனை பொறுமை வேண்டும்!

பறவையின் கண்கொண்டு பார்த்தவர்

சூரிக்கில் தொழில் கற்ற பின்னர் மெரியான் ஸ்ட்ராஸ்பர்க், நான்சி, பாரிஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். லொரேன் நாட்டுக் கோமகன் மூன்றாம் சார்லஸின் இறுதி ஊர்வலத்தைச் சித்திரிக்கும் பெரிய படத்தொகுதி நான்சியில் உருவானபோது, அதில் இந்த இளைஞரின் கையும் இருந்தது. 1615-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் பெரும் படம் ஒன்று அவர் பெயரில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டுதான்.

அதே 1615-ஆம் ஆண்டில் தாம் பிறந்த பாசல் நகரையும் அவர் பேனாவாலும் வண்ணத்தாலும் வரைந்தார். பிறகு அந்நகரின் படத்தைச் செப்புத் தகட்டில் அமைத்து 1617-ஆம் ஆண்டளவில் அச்சிட்டார். வானில் பறக்கும் பறவை ஒன்று கீழே குனிந்து பார்த்தால் நகரம் எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே அப்படங்கள் அமைந்துள்ளன. மனிதன் பலூனில் ஏறி வானத்தில் பறந்தது 1783-ஆம் ஆண்டில்தான். அதற்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, தரையில் நின்றுகொண்டே வானிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தார்கள் என்றால் அது வியப்பன்றோ!

இந்த வியப்புக்குப் பின்னால் கணக்கும் கால்வலியும் இருந்தன. நகரப்படம் வரைபவர்கள் தெருத்தெருவாக நடந்து அளவெடுப்பார்கள். கோயில் கோபுரங்களின் உச்சிக்கு ஏறிச் சுற்றுப்புறத்தைக் குறித்துக்கொள்வார்கள். கட்டடங்களின் முகப்பைத் தனித்தனியே வரைவார்கள். பிறகு நகரின் தரைப்படத்தைச் சற்றுச் சாய்த்து அமைத்து, அதன்மேல் ஒவ்வொரு கட்டடத்தையும் உரிய இடத்தில் நிற்க வைப்பார்கள். உயர்ந்த வீடுகள் தெருக்களை மறைத்துவிடும் என்பதால் தெருக்களைச் சற்று அகலமாகக் காட்டுவதும் உண்டு. இக்கலையில் மெரியான் தம் காலத்தின் தலைசிறந்த வல்லுநராக விளங்கினார்.

இல்லறமும் போரின் தொடக்கமும்

1616-ஆம் ஆண்டில் மெரியான் ஜெர்மானிய நாட்டிற்கு வந்து, யோகான் தியோடர் டி பிரை என்னும் புகழ்பெற்ற நூல் வெளியீட்டாளரிடம் வேலைக்கு அமர்ந்தார். அமெரிக்காவுக்கும் கிழக்கிந்திய நாடுகளுக்கும் சென்ற கடற்பயணிகளின் வரலாறுகளைப் படங்களோடு வெளியிட்டது டி பிரை குடும்பம். நம் இந்திய நாட்டைப் பற்றிய செய்திகளும் அந்நூல்களின் வழியே ஐரோப்பிய வாசகர்களுக்கு எட்டின. 1617-ஆம் ஆண்டில் டி பிரையின் மகள் மரிய மகதலேனாவை மெரியான் மணந்தார். அப்போது அவர்கள் ரைன் நதிக்கரையில் உள்ள ஓப்பன்ஹைம் என்னும் ஊரில் வாழ்ந்தார்கள்.

மறு ஆண்டே ஐரோப்பாவின்மீது இடி விழுந்தது. 1618-ஆம் ஆண்டில் பிராகா நகரில் தொடங்கிய கலவரம் பெரும் போராக மாறி, 1648-ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதனால்தான் அதனை முப்பதாண்டுப் போர் என்கிறோம். கத்தோலிக்க அரசர்கள் ஒரு பக்கமும் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த அரசர்கள் மறு பக்கமுமாகப் போர் தொடங்கியது. நாளடைவில் நாடு பிடிக்கும் ஆசையும் அரச குலங்களின் பகைமையும் அதில் கலந்தன. ஒரே ஆண்டவரை வணங்கிய மக்கள் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தினார்கள். வாளால் இறந்தவர்களைவிடப் பசியாலும் கொள்ளை நோயாலும் இறந்தவர்கள் மிகப் பலர். ஜெர்மனியின் சில பகுதிகளில் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அழிந்தது என்றால் அதன் கொடுமையை என்னென்பது!

1620-ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரின் பரந்த காட்சி ஒன்றை மெரியான் வெளியிட்டார். நெக்கர் நதியும் அதன்மேல் பாலமும், குன்றின்மேல் கம்பீரமாக நிற்கும் அரண்மனையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1622-ஆம் ஆண்டில், தில்லி என்னும் தளபதியின் படை அந்நகரைக் கைப்பற்றியது. பிற்காலத்தில் 1689-ஆம் ஆண்டிலும் 1693-ஆம் ஆண்டிலும் பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையை இடித்துத் தகர்த்தன. இன்று ஹைடல்பர்க் செல்வோர் காண்பது பெரும்பாலும் இடிந்த சுவர்களையே. அரண்மனை முழுமையாக நின்ற கோலத்தைக் காண விரும்புவோர் மெரியானின் படத்தைத்தான் நாடுகிறார்கள்.

1620-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் படை ஓப்பன்ஹைம் நகரையும் பிடித்தது. மெரியான் மனைவியோடு பாசலுக்குத் திரும்பினார். அங்கே அவர் செய்த ஒரு தொண்டு நம் நெஞ்சைத் தொடுகிறது. பாசலில் புனித தோமினிக் சபைத் துறவியரின் மடத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்துச் சுவரில், சுமார் 1440-ஆம் ஆண்டில் தீட்டப்பெற்ற சாவின் நடனம் என்னும் நீண்ட ஓவியம் இருந்தது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள அந்த ஓவியத்தில் திருத்தந்தை, பேரரசர் முதலாக ஏழை எளியவர் வரை ஒவ்வொருவரையும் சாவு கைப்பிடித்து அழைத்துச் செல்லும். இவ்வுலகப் பெருமை நிலையற்றது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உணர்த்திய ஓவியம் அது. அதனைப் பார்த்து வரைந்து வைத்திருந்த மெரியான், 1621-ஆம் ஆண்டில் அப்படங்களை நூலாக வெளியிட்டார். 1805-ஆம் ஆண்டில் அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை சில துண்டுகளே. முழு ஓவியமும் எவ்வாறு இருந்தது என்று நாம் அறிவதற்கு மெரியானின் தகடுகளே பெரிதும் உதவுகின்றன.

பிராங்க்பர்ட் நகரில்

1623-ஆம் ஆண்டில் மாமனார் டி பிரை காலமானார். பிராங்க்பர்ட் நகரிலிருந்த அவருடைய பதிப்பகத்தின் பொறுப்பு மெரியானிடம் வந்தது. 1626-ஆம் ஆண்டில் அவர் பிராங்க்பர்ட்டின் குடியுரிமை பெற்றார். ஆண்டுக்கு இரு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், புத்தகச் சந்தை கூடும் நகரம் அது. பல நாட்டுப் பதிப்பாளர்களும் அங்கே வந்து கூடுவார்கள். போர்க்காலத்தில் தாள் கிடைப்பதும் பாதைகளில் சரக்கு அனுப்புவதும் கடினமாயிருந்தும், மெரியான் தம் அச்சகத்தை உயர்த்திக் காட்டினார்.

1625 முதல் அவர் விவிலியக் காட்சிகளை வரிசையாக வெளியிட்டார். அப்படங்கள் 1630-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளிவந்த ஜெர்மன் விவிலியத்தில் இடம்பெற்றன. படைப்பின் தொடக்கம் முதல் திருவெளிப்பாடு வரை இருநூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் அதில் உள்ளன. பல நாட்டுக் கலைஞர்களும் அவற்றைப் பார்த்துத் தம் ஓவியங்களையும் கைவேலைப் பொருள்களையும் அமைத்தார்கள்.

1628-ஆம் ஆண்டில் அவர் பிராங்க்பர்ட் நகரின் பறவைப் பார்வைப் படத்தை வெளியிட்டார். மைன் நதி, அதன்மேல் கற்பாலம், படகுகள், மதில்கள், தோட்டங்கள் எல்லாம் அதில் உள்ளன. சீர்திருத்தச் சபையினர் மிகுந்த அந்நகரின் நடுவே, பேரரசர்களுக்கு முடிசூட்டும் கத்தோலிக்கப் பேராலயமான புனித பர்த்தலோமேயு ஆலயம் ஓங்கி நிற்பதைக் காண்கிறோம். யூத மக்கள் மட்டுமே குடியிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்த குறுகிய வீதி, பழைய மதிலை ஒட்டி வளைந்து செல்வதையும் காண்கிறோம். இன்று அவ்வீதியின் வீடுகள் இல்லை. ஆனால் அங்கே எத்தனை நெருக்கமாக மனிதர்கள் அடைபட்டு வாழ்ந்தார்கள் என்பதற்கு மெரியானின் படம் சான்றாக உள்ளது.

அவரிடம் பயின்ற மாணவருள் வென்சல் ஹாலர் குறிப்பிடத்தக்கவர். பிராகா நகரைச் சேர்ந்த இவர் பின்னர் இங்கிலாந்து சென்று இலண்டன் மாநகரை வரைந்தார். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்கு முன்னும் பின்னும் இலண்டன் எவ்வாறிருந்தது என்பதை இவருடைய படங்களே நமக்குக் காட்டுகின்றன. ஆசிரியர் கற்றுத் தந்த தொழில் மாணவர் கையில் மற்றொரு நகரத்துக்கும் நினைவுச் சின்னமாயிற்று!

தீயைப் பதிவு செய்த நூல்

போர் நாளுக்கு நாள் முற்றியது. 1631-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் எல்பே நதிக்கரையிலுள்ள மாக்டபர்க் நகரம் பேரரசரின் படையிடம் வீழ்ந்தது. கொள்ளையும் தீயும் ஒரே நாளில் நகரைச் சாம்பலாக்கின. சுமார் 20,000 பேர் மாண்டனர். பேராலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் உயிர் பிழைத்தனர். மறு ஆண்டு, சீர்திருத்தச் சபையினரான சுவீடன் நாட்டார் பவேரியாவுக்குள் புகுந்து கத்தோலிக்க ஊர்களைச் சூறையாடினார்கள். யார் செய்தாலும் கொடுமை கொடுமையே. கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் நாம் இந்த வரலாற்றைப் படிக்கும்போது, நம் பக்கத்தார் செய்ததை மறைத்துவிட்டு மற்றவர் செய்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல் நேர்மையாகாது.

இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் தொகுத்து, ஐரோப்பிய அரங்கம் என்னும் பொருள்படும் பெயருடைய ஒரு வரலாற்று நூல் வரிசையை 1633-ஆம் ஆண்டில் மெரியான் தொடங்கினார். முற்றுகைகள், போர்கள், உடன்படிக்கைகள் ஆகியவற்றைப் படங்களோடு கூறிய நூல் அது. மாக்டபர்க் முற்றுகையின் காட்சியும் அதில் உண்டு. அவருக்குப் பின்னும் அவ்வரிசை தொடர்ந்து, 1738-ஆம் ஆண்டு வரை 21 தொகுதிகளாக வெளிவந்தது.

நகரங்களின் பெருநூல்

அழிவைப் பதிவு செய்வதோடு மெரியான் நிற்கவில்லை. 1642-ஆம் ஆண்டில், போர் இன்னும் முடியாத காலத்தில், அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய பணியைத் தொடங்கினார். ஜெர்மானிய நாடுகளின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள நகரங்கள், கோட்டைகள், மடங்கள், ஆலயங்கள் ஆகியவற்றைப் படமும் விளக்கமுமாக வெளியிடும் பணி அது. உல்ம் நகரில் வாழ்ந்த மார்ட்டின் சைலர் என்னும் அறிஞர் விளக்கங்களை எழுதினார். முதல் தொகுதி சுவிட்சர்லாந்தைப் பற்றியது. ஸ்வாபியா, பவேரியா, பலத்தினேட், ஹெஸ்ஸே, வெஸ்ட்பாலியா என்று தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1654-ஆம் ஆண்டளவில் 16 தொகுதிகள் முடிந்தன. அவற்றில் உள்ள காட்சிகள் இரண்டாயிரத்துக்கும் அதிகம்.

இத்தனை ஊர்களுக்கும் ஒருவரே சென்று வர இயலுமா? இயலாது. மெரியான் தாமே வரைந்தவை பல. பிற ஓவியர்கள் அனுப்பியவை பல. பழைய நூல்களிலிருந்து எடுத்துத் திருத்தியவையும் உண்டு. அவருடைய மைந்தர்களும் பட்டறைக் கலைஞர்களும் துணை நின்றார்கள். அனைத்தையும் ஒரே முறையில் அமைத்து, ஆலயம் எது, நகர மன்றம் எது, வாயில் எது என்று குறிப்புகள் சேர்த்து, யாரும் புரிந்துகொள்ளும்படி செய்தது அவருடைய திறமை.

மெரியான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் 1646-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தொகுதி மைன்ஸ், டிரியர், கொலோன் ஆகிய மூன்று கத்தோலிக்கப் பேராயர்களின் நாடுகளைப் பற்றியது. தம் சபையினரின் ஊர்களை எத்தனை கவனத்தோடு காட்டினாரோ, அத்தனை கவனத்தோடு கத்தோலிக்க ஊர்களையும் மடங்களையும் ஆலயங்களையும் காட்டினார். கொலோன் நகரக் காட்சியில் அதன் பேராலயம் கட்டி முடிக்கப்படாமல், அரைக் கோபுரத்தோடு நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோன அவ்வேலை 1880-ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. குறையை மறைத்து அழகாக்கிக் காட்ட அவர் எண்ணவில்லை. ஏளனம் செய்யவும் எண்ணவில்லை. உள்ளதை உள்ளவாறு வரைந்தார். இரு சாராரும் ஒருவர் ஆலயத்தை ஒருவர் கொள்ளையிட்ட காலத்தில் இந்த நடுநிலைமை எத்துணை அரியது!

இங்கே நம் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. இத்தொகுதிகளில் பல நகரங்கள் போருக்கு முன்பிருந்த நிலையில் முழுமையாகக் காட்சி தருகின்றன. நூல் வெளிவந்த நாளில் அவற்றுள் சில பாதி இடிந்து கிடந்தன. இடிந்த ஊரை இடியாததுபோல் வரைவது உண்மைக்கு மாறானதன்றோ?

நாம் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். மெரியான் இடிபாட்டை மறைக்க நினைத்திருந்தால், தீயையும் முற்றுகையையும் காட்டும் வரலாற்று நூலை வெளியிட்டிருக்க மாட்டார். ஒரே அச்சகத்திலிருந்து இரண்டும் வெளிவந்தன. ஒன்று, மனிதர் செய்த அழிவைக் காட்டியது. மற்றொன்று, அழிந்தது எது என்பதைக் காட்டியது. ஒரு வீட்டில் அன்னை இறந்துவிட்டால், பிள்ளைகள் அவர் நலமாயிருந்த காலத்துப் படத்தைத்தானே சுவரில் மாட்டுகிறார்கள்? அது பொய்யாகுமா? இழந்தது இன்னதென்று தெரிந்தால்தான் மீண்டும் கட்டியெழுப்பும் ஆசை பிறக்கும். எனவே, அந்தப் படங்களை நம்பிக்கையின் படங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

இறுதி நாட்களும் மகளும்

1645-ஆம் ஆண்டில் மனைவி மரிய மகதலேனா இறந்தார். மறு ஆண்டு மெரியான் யோகன்னா சிபில்லா என்னும் பெண்ணை மணந்தார். 1647-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மரிய சிபில்லா என்று பெயரிட்டார்கள்.

1648-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அமைதி மலர்ந்தது. ஆனால் அந்த அமைதியை மெரியான் நெடுநாள் அனுபவிக்கவில்லை. உடல் நலம் குன்றிய அவர், மருத்துவ நீரூற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஷ்வால்பாக் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே 1650-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் தமது ஐம்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். பிராங்க்பர்ட்டில் புனித பேதுரு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். எஞ்சிய தொகுதிகளை மைந்தர்கள் மத்தேயுவும் காஸ்பரும் நிறைவு செய்தார்கள்.

தந்தை இறந்தபோது மரிய சிபில்லாவுக்கு மூன்று வயதே. அன்னை மறுமணம் செய்துகொண்ட யாக்கோபு மாரல் என்னும் மலர் ஓவியர் அவருக்குச் சித்திரக்கலை கற்பித்தார். புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சி உருவாகும் அதிசயத்தை அவர் சிறு வயது முதலே கூர்ந்து கவனித்தார். 1699-ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டு வயதில், தம் மகள் ஒருத்தியை மட்டும் துணையாகக் கொண்டு கடல் கடந்து தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டிற்குச் சென்றார். அங்கு கண்ட பூச்சிகளையும் செடிகளையும் வரைந்து 1705-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அறிவியல் உலகில் அழியாப் புகழ் பெற்றது. யூரோ நாணயம் வருவதற்கு முன் ஜெர்மனியில் வழங்கிய 500 மார்க் நோட்டு ஒன்றில் இந்தப் பெண்மணியின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. தந்தை நகரங்களை உற்று நோக்கினார். மகள் புழு பூச்சிகளை உற்று நோக்கினார். காண்பதைப் பிழையின்றி வரையும் பண்பு அக்குடும்பத்தின் சொத்து எனலாம்.

நாம் பெறும் பாடம்

மெரியான் வாழ்ந்த பிராங்க்பர்ட்டின் பழைய நகரம் முப்பதாண்டுப் போரில் தப்பியது; ஆனால் இரண்டாம் உலகப்போரில் தப்பவில்லை. 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விழுந்த குண்டுகளால் அது எரிந்து தரைமட்டமாயிற்று. போர் முடிந்த பின்னர், 1948-ஆம் ஆண்டில், ஹாம்பர்க் நகரில் ஊர்களையும் நாடுகளையும் பற்றிய ஓர் இதழைத் தொடங்கினார்கள். இடிபாடுகளுக்கு நடுவே பிறந்த அந்த இதழுக்கு அவர்கள் சூட்டிய பெயர் மெரியான் என்பதே! 2018-ஆம் ஆண்டில், பிராங்க்பர்ட் பேராலயத்துக்கு அருகே பழைய வீடுகள் பதினைந்தை முன்பிருந்த கோலத்திலேயே மீண்டும் எழுப்பித் திறந்து வைத்தார்கள்.

அன்புத் தோழியரே, மெரியான் எந்தப் போரையும் நிறுத்தவில்லை. அவர் கையில் படையும் இல்லை, பதவியும் இல்லை. இருந்தது ஓர் ஊசியும் ஒரு செப்புத் தகடும்தான். ஊர்கள் எரிகின்றனவே, இந்த வேளையில் படம் வரைந்து என்ன பயன் என்று அவர் சோர்ந்து உட்காரவில்லை. தமக்குத் தெரிந்த தொழிலைக் குறைவின்றிச் செய்தார். தம் சபை, பிறர் சபை என்று பாராமல் எல்லார் ஊரையும் ஒரே அன்போடு நோக்கினார். அவர் வரைந்த கோபுரங்கள் பல விழுந்துவிட்டன; அவற்றை வீழ்த்திய படைகளும் மறைந்துவிட்டன; மெல்லிய தாளில் பதிந்த கோடுகள் மட்டும் நான்கு நூற்றாண்டுகளாக நிற்கின்றன.

நம் பள்ளியில் நாம் கற்கும் சித்திரமும் பூகோளமும் வரலாறும் தேர்வுக்காக மட்டும் உரியவை அல்ல என்பதை இப்பெருமகனாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. நம்மைச் சுற்றியுள்ளவற்றைக் கூர்ந்து நோக்குவோம். நோக்கியதை நேர்மையாகப் பதிவு செய்வோம். பிறர் போற்றுவதையும் மதித்து வாழ்வோம். எல்லா நகரங்களிலும் அமைதி நிலவ இறைவன் அருள் புரிவாராக!